வெகுமானம் வேண்டாம், விலை வேண்டும்!

பாலக்கரையில் ஒரு கடை திறக்க விரும்புகிறான் ஓர் இளைஞன். மளிகைக் கடையன்று, துணிக் கடையன்று, மூலைக்கு மூலை முளைத்திருக்கும் செல்பேசிக் கடையுமன்று. இசைக்கருவிக் கடை! மிருதங்கமும் தவிலும், பறையும் உறுமியும், தன் கையால் செய்தவற்றைத் தன் பெயர்ப் பலகையின் கீழே வரிசையாய் அடுக்கி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். வருவோர் எவராயினும் அந்த விலையைக் கொடுத்து, பற்றுச்சீட்டைப் பெற்றுப் போக வேண்டும். இதுதான் அவன் விருப்பம்.

அவனுக்கு நாம் பெயரிடவில்லை. பெயரிட்டால், எவனோ ஒருவனுக்கு நேர்ந்த தொல்லை என்று எளிதாய்த் தள்ளிவிடுவீர்கள். தோலையும் மரத்தையும் இசையாக்கும் குடும்பத்திலே பிறந்து, பள்ளிக்கூடம் கண்டு, கணக்கறிந்து, 'இனி எவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் நிற்க மாட்டேன்' என்று துணியும் எந்த இளைஞனும் அவனே.

ஆசை சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய ஆசையின் குறுக்கே நிற்கிறதே ஒரு பெரிய ஏற்பாடு, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலிலே இடம் வேண்டும். பாலக்கரை எப்படிப்பட்ட இடம்? ஒரு புறம் காந்தி சந்தை, ஒரு புறம் சகாய மாதா பேராலயம், சிறிது தொலைவில் மலைக்கோட்டை, காவிரியைத் தாண்டினால் திருவரங்கம். சந்தைக்கு வருவோரும் வேண்டுதலுக்கு வருவோரும் கடந்து போகும் சாலை. கடைக்கு இதைவிட நல்ல இடம் வேறு எது? பத்து மாத வாடகையை முன்பணமாய்க் கேட்பது ஊர் வழக்கம். அதையும் எப்படியோ புரட்டிக்கொண்டு போகிறான். கட்டடக்காரர் கேட்கிறார், "என்ன வியாபாரம்?" இசைக்கருவி என்றதும் முகம் மலர்கிறது. கிதாரா, கீபோர்டா என்று கேட்கிறார். மிருதங்கமும் பறையும் என்றதும் மலர்ந்த முகம் வாடுகிறது. "தோல் வேலை இங்கேயே நடக்குமா? வாடை வருமே! மாடியில் குடியிருப்பவர்கள் ஒருமாதிரி..." என்று இழுக்கிறார். பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் கேட்கிறார்: "உங்களுக்குச் சொந்த ஊர் எது? எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டுச் சாதியை அறியும் அந்த நுண்கலை இருக்கிறதே, அதற்கு எந்தச் சபையும் இன்னும் விருது வழங்கவில்லை!

இது இந்துவுக்கு மட்டும் உரிய நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டவன் முன்னே அனைவரும் சமம் என்று ஓதும் சமயத்தைச் சேர்ந்தோரும், மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிணத்துக்கும் சாதி பார்த்துச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர் ஆண்டுக்கணக்கில் செய்தித்தாள்களில் சந்தி சிரித்தது. புதைகுழிக்கே எல்லை வகுத்த ஊரில், கடைவீதிக்கு எல்லை வகுக்கத் தயங்குவார்களா?

வாடை என்றாரே கட்டடக்காரர், அதற்கு மறுமொழி கூறாமல் போகலாகாது. பச்சைத் தோலைப் பதப்படுத்தவும் உலர்த்தவும் வெயிலும் வெளியும் தேவை. மழைக்காலத்தில் தோல் உலராது. ஆகவே சாலையோரத்துக் கடையில் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது உண்மை. கடை ஓரிடத்திலும் பட்டறை ஓரிடத்திலுமாக, இரண்டு இடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். இது தொழிலின் இயல்பான இடர்ப்பாடு. இதற்காக நாம் எவரையும் ஏசவில்லை. ஆனால் அவன் "பட்டறை வேறிடத்தில் இருக்கிறது, இங்கே விற்பனை மட்டும்தான்" என்று விளக்கிய பிறகும் வாடை போகவில்லையே! அப்படியானால் அந்த வாடை தோலிலிருந்து வந்ததா, மனுவிலிருந்து வந்ததா?

சரக்கைப் பாருங்கள். அரிசி மூட்டை வாரத்துக்கு வாரம் தீரும். மிருதங்கம் அப்படித் தீராது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தைக் கடைந்து, குடைந்து, உலரவிட வேண்டும். அதன் மேல் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் ஆகிய மூன்றும் சேர வேண்டும். வலந்தலையின் நடுவிலே கருமையாய்த் தெரிகிறதே வட்டம், அதற்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'சோறு'. வேகவைத்த சோற்றோடு கல்லின் பொடியைக் குழைத்து, மெல்லிய படலமாய் இட்டு, தேய்த்து, மறுபடி இட்டு, மறுபடி தேய்த்து, ஓசை உருவாகும்வரை மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. அந்தச் சோற்றை இடத் தெரியாதவன் செய்த மிருதங்கம் வெறும் பீப்பாய்!

அதோடு முடிந்ததா? ஒரே ஒரு மிருதங்கத்தை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. ஆண் குரலுக்கு ஏற்ற தாழ்ந்த சுருதி மிருதங்கம் நீண்டிருக்கும். பெண் குரலுக்கு ஏற்ற உயர்ந்த சுருதி மிருதங்கம் குறுகியிருக்கும். வருகிறவர் எந்தச் சுருதி கேட்பார் என்று தெரியாமல், பல அளவில் செய்து வைக்க வேண்டும். விற்காமல் மாதக்கணக்கில் கிடந்தால் தோல் தளரும், ஓசை மாறும்; மறுபடியும் மூட்டுப் போட வேண்டும். முதலீடு முடங்குவதோடு, முடங்கிக் கிடக்கும்போதே செலவும் வைக்கும் சரக்கு இது! மாசி, பங்குனித் திருவிழாக்களும் மார்கழிக் கச்சேரிகளும் வந்தால் பணம் வரும். இடையிலே வாடகை மட்டும் வரும், அதுவும் வெளியே போக!

தோல் கிடைப்பதும் எளிதன்று. 2017 மே மாதத்தில் நடுவண் அரசு, வதைதடுப்பு என்ற பெயரால் ஒரு விதியைக் கொணர்ந்து, சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்பதைத் தடுத்தது. சில நாள்களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. நீதிமன்றம் தடுத்தாலும், ஒருமுறை விதைத்த அச்சம் வண்டியோட்டியின் நெஞ்சில் நீடிக்கிறது. மாட்டை ஏற்றிச் செல்பவனை வழிமறிக்கும் வீரர்கள், அதே மாட்டின் தோலில் பிறக்கும் தாளத்துக்குத் தலையாட்டும் பக்தர்களாகவும் இருக்கிறார்கள்! பசு தெய்வமாம், பசுத்தோல் மிருதங்கத்தில் நாதப் பிரம்மமாம், இரண்டுக்கும் இடையிலே நின்று அந்தத் தோலை உரித்து, கழுவி, இழுத்துக் கட்டியவன் மட்டும் தீட்டாம்! என்னே இவர்கள் தர்க்கம்!

கோயில் வாயிலில் நின்று பாருங்கள், தோழர்களே. செருப்பு வெளியே கிடக்கும். தவில் உள்ளே போகும். இரண்டிலும் தோல்தான். செருப்புத் தோல் செய்த பாவம் என்ன? தவில் தோல் செய்த புண்ணியம் என்ன? தோலுக்காவது பாதி நியாயம் கிடைத்தது. தோலைத் தந்தவர்களோ மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைய 1939 ஜூலை வரை காத்திருந்தார்கள். சென்னை மாகாணம் முழுமைக்கும் அந்த உரிமை சட்டமாவதற்கு 1947 வந்தது. மேளம் பல நூற்றாண்டுக்கு முன்பே உள்ளே போய்விட்டது!

இனி, வாங்குவோரைப் பார்ப்போம். இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தியின் உயிர் இருக்கிறது.

மிருதங்கம் செய்வோனுக்கும் அதை வாசிப்போனுக்கும் இடையே நெடுங்காலமாய் நிலவியது கடைக்காரன், வாடிக்கையாளன் என்ற உறவன்று. வித்துவான் வீட்டுக்குத் தொழிலாளி போவான். திண்ணையிலோ முற்றத்திலோ அமர்ந்து தோலைக் கட்டுவான். வித்துவான் தட்டிப் பார்ப்பார், "இன்னும் கொஞ்சம்" என்பார், அவிழ்த்துக் கட்டுவான். நாள் போகும். முடிவிலே கையில் என்ன வரும்? அது வித்துவானின் மனநிலையைப் பொறுத்தது. மகிழ்ந்தால் ஒரு வேட்டி, ஒரு துண்டு, தீபாவளிக்குச் சிறிது கூடுதல் பணம். மகிழாவிட்டால் வசவு. இதற்கு வெகுமானம் என்று பெயர். மரியாதை என்று பெயர். குருபக்தி என்றுகூடப் பெயர் உண்டு. கூலி என்றும் விலை என்றும் மட்டும் பெயர் இல்லை!

வெகுமானத்துக்கும் விலைக்கும் என்ன வேறுபாடு? வெகுமானத்தைக் கொடுப்பவன் முடிவு செய்கிறான். விலையைச் செய்தவன் முடிவு செய்கிறான். வெகுமானத்தை வாங்கும் கை கீழே நீள வேண்டும். விலையை வாங்கும் கை மேசைக்கு அந்தப் புறத்தில், கல்லாப் பெட்டியின் பக்கத்தில் இருக்கும். வெகுமானம் குறைந்தால் கேட்க முடியாது; கேட்டால் நன்றி கெட்டவன். விலை குறைந்தால் சரக்கு நகராது. ஆகவேதான் சொல்கிறோம்: அந்த இளைஞன் மிருதங்கத்தில் கட்டித் தொங்கவிடும் நான்கு விரற்கடை விலைச்சீட்டு இருக்கிறதே, அது வெறும் காகிதமன்று. கொடையாளியை வாடிக்கையாளனாகக் கீழிறக்கி, இரவலனைக் கடைக்காரனாக மேலேற்றும் ஏணி அது. வைதிகம் அஞ்சுவது பறையின் ஓசைக்கன்று, இந்தச் சீட்டுக்கு!

இது நம் கற்பனை என்பார்க்கு ஒரு சான்று. கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா, அவரும் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவரே, மிருதங்கம் செய்வோரைத் தேடிச் சென்று, அவர்கள் வாழ்வைக் கேட்டு, 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்றொரு நூலை 2020இல் வெளியிட்டார். தஞ்சையில் செபாஸ்டியன் வழிவந்த குடும்பம் தலைமுறை தலைமுறையாய் மிருதங்கம் செய்தது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் அந்தக் குடும்பத்துப் பர்லாந்துவின் கைகள் இருந்தன. மணி ஐயரின் பெயர் அறியாத இரசிகர் உண்டா? பர்லாந்துவின் பெயரை அந்நூல் வரும்வரை அறிந்த இரசிகர் எத்தனை பேர்?

அந்நூலை வெளியிடச் சென்னைக் கலாக்ஷேத்திராவின் அரங்கம் முதலில் இசைந்தது. பசுத்தோலைப் பற்றிய பகுதி ஏட்டிலே அச்சாகியது. உடனே, அரசின் கீழுள்ள நிறுவனத்தில் சச்சரவு விளைக்கும் நிகழ்ச்சிக்கு இடமில்லை என்னும் பொருள்பட மடல் வந்தது. இசைவு திரும்பப் பெறப்பட்டது. 2020 பிப்ரவரி 2இல் சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியில் அந்நூல் வெளிவந்தது. கருவி மேடையேறலாம், கருவி செய்தவன் கதை மேடையேறலாகாது! நூலுக்கே அரங்கம் கிடைக்காத நாட்டில், நூலிலே வரும் மனிதனுக்குக் கடை எளிதில் கிடைக்குமா?

வேறு நாட்டை எண்ணிப்பாருங்கள். இத்தாலியிலே கிரெமோனா என்னும் ஊரில் ஸ்ட்ராடிவாரி என்றொரு தச்சுக் கலைஞர் இருந்தார். 1737இல் மறைந்தார். அவர் செய்த வயலினுக்குள்ளே அவர் பெயர் பொறித்த சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். வாசித்தவர்கள் எத்தனையோ பேர் மறக்கப்பட்டார்கள். செய்தவர் பெயர் மட்டும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டாய் வாழ்கிறது. அவர் செய்த வயலின் என்றால் செல்வந்தர்கள் போட்டியிட்டு வாங்குகிறார்கள். அந்த வயலின் வகைதான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் வழியாக நம் கச்சேரி மேடைக்கு வந்தது. வெள்ளையன் கருவி, மேடையில் ஏறி ஐயர் தோளில் சாய்ந்துகொண்டது. தீட்டு என்று எவரும் தள்ளவில்லை. வயலினை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் வயலினுக்குள் ஒட்டியிருந்த செய்தவன் பெயர்ச்சீட்டு என்னும் வழக்கத்தை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள்!

எந்தக் கருவி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று முடிவு செய்வதும் கடைக்காரன் கையில் இல்லை என்பதை இடையிலே சொல்லிவிடுகிறோம். நாடகக் கொட்டகைகளில் ஏழை எளியவர்களின் காதில் முதன்முதலாக இசையை ஊற்றியது ஆர்மோனியம். திருச்சியில் வானொலி நிலையம் 1939இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1940 மார்ச்சில், ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை விழுந்தது. நம் இசைக்கு அது ஒவ்வாதாம்! 1971 வரை நீடித்தது அந்தத் தடை. சட்டம் அன்று ஆர்மோனியத்துக்குச் செய்ததை, சம்பிரதாயம் பறைக்கு இன்றும் செய்கிறது. கடையின் முன்புறத்தில் வீணையை வை, பறையை உள்ளே வை என்று அறிவுரை சொல்ல நண்பர்களே வருவார்கள். பறையைக் கண்டால் வீணை வாங்க வருபவர் திரும்பிப் போய்விடுவாராம். போகட்டுமே! என்று நாம் எழுதிவிடலாம். வாடகை கொடுப்பவன் அவன்.

கடன் கேட்டு அரசிடம் போகிறான். இங்கேயோ இன்னொரு வேடிக்கை. நடுவண் அரசு 2023இல் விசுவகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, 18 தொழில்களின் பட்டியல் போட்டது. தச்சர் உண்டு, கொல்லர் உண்டு, பொற்கொல்லர் உண்டு, குயவர் உண்டு, செருப்புத் தைப்போர் உண்டு, முடி திருத்துவோர் உண்டு, மாலை கட்டுவோரும் உண்டு. இசைக்கருவி செய்வோர் என்று ஒரு பிரிவு அதில் இல்லை. போகட்டும். அத்திட்டத்தின் அடிப்படையே, குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலைச் செய்வோருக்கு உதவி என்பது. தமிழ்நாட்டுக்கு இது புதிய குரலன்று. 1953இல் ஆச்சாரியார் பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றாரே, அதே குரல்தான். அன்று நாடே கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் குழிக்குள் போயிற்று. விசுவகர்மா திட்டத்தை அந்த வடிவிலே ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, சாதி வழியைக் கேட்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. 3 இலட்சம் ரூபாய் வரை கடன், அதிலே கால் பங்கு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம். வரவேற்கிறோம். ஆனால் கைவினைத் திட்டம் பட்டறைக்குப் பணம் தரும். பாலக்கரைச் சாலையில் கட்டடக்காரரின் முகத்தை மலர்த்தும் திட்டம் எந்த அரசிடமும் இல்லை.

குலத்தொழிலை எதிர்க்கும் நாம், தோல் தொழிலாளியின் மகனைத் தோல் தொழிலிலேயே இருக்கச் சொல்கிறோமா? நம்மவர்களே கேட்பார்கள், கேட்க வேண்டும். அதற்கு நேரே விடை சொல்கிறோம். இல்லை! அவன் மருத்துவனாகட்டும், பொறியாளனாகட்டும், மாவட்ட ஆட்சியராகட்டும். பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த தியாகராசர், அப்பன் தொழிலை விட்டுப் பாட்டைப் பற்றிக்கொண்டதால்தானே நாடு எம். கே. தியாகராச பாகவதரைப் பெற்றது? ஆனால் ஒருவன் தானே விரும்பி அந்தத் தொழிலை எடுத்தால், அவன் குலத்தொழிலாளியாக அன்று, தொழில் முதலாளியாக அதை நடத்த வேண்டும் என்கிறோம். அந்தக் கடையில் வேலை கற்க எந்தச் சாதிப் பையனும் வரட்டும். அக்கிரகாரத்துப் பிள்ளையும் வந்து எருமைத் தோலில் வார் அறுக்கட்டும்! குலத்தொழில் என்பது தொழிலைக் குறித்த சொல்லன்று. கதவைக் குறித்த சொல். உள்ளே இருப்பவன் வெளியே போகவும், வெளியே இருப்பவன் உள்ளே வரவும் முடியாதபடி பூட்டிய கதவு. கடை என்பது அந்தக் கதவைத் திறந்து வைப்பது.

பறையைப் பற்றிய ஐயப்பாடு இன்னும் ஆழமானது. தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றோர், சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்க மாட்டோம் என்று சேரி மக்களை நிமிர்ந்து நிற்கச் செய்தார்கள். அவரே பிறகு 1965இல் நடுவண் அரசு அமைத்த தீண்டாமை ஆய்வுக் குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை தந்தார். அந்த மறுப்புக்காக அடிபட்டோர் உண்டு, வீடிழந்தோர் உண்டு. பறையைக் கீழே போட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பறையைக் கடையில் வைத்து விற்கச் சொல்வதா என்று எவரேனும் சினந்தால், அந்தச் சினத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். அவர்கள் கீழே போட்டது கட்டளையை. கூப்பிட்டால் வரவேண்டும், கொடுத்ததை வாங்க வேண்டும் என்ற கட்டளையை! 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மசிறீ விருது கிடைத்தது. கட்டளைக்கு அடித்தால் இழிவு, கலையென்று அடித்தால் பெருமை என்பதை அரசும் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனாலும் இன்றும் சிற்றூரில் சாவு விழுந்தால் ஆளனுப்பிக் கூப்பிடும் பழக்கம் அற்றுப்போகவில்லை. எனவே கடைக்காரன் பறையை விற்கும்போது, கூடவே ஒன்றைச் சொல்லி விற்க வேண்டியிருக்கிறது. அது எளிதன்று.

இயந்திரமும் போட்டிக்கு வந்துவிட்டது. கோயில்களிலே மின்விசையால் தானே அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் வந்துவிட்டன. விசையை அழுத்தினால் போதும். மேளகாரருக்குக் கூலியும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம். ஆண்டவனுக்கு ஓசைதான் தேவை, மனிதன் தேவையில்லை என்று பக்தர்களே முடிவு கட்டிவிட்டார்கள்! மாதா கோயில் பாடற்குழுவுக்கு மின்னிசைப் பலகை போதும். பறைக்கே நெகிழித் தோல் வந்துவிட்டது. வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யா, நெருப்பில் காய்ச்சவும் வேண்டாம். அறிவியல் வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. புளியங்கொட்டைப் பசையில்தான் பறை பிறக்க வேண்டும் என்று சாத்திரம் எழுத நாம் வரவில்லை. நெகிழித் தோலையும் அவன் விற்கட்டும், மின்னிசைப் பலகையையும் விற்கட்டும். விற்றுத்தான் வாடகை கட்ட முடியும்.

வரிக் கணக்கு ஒன்று இருக்கிறது, விரைவாய்ச் சொல்லிவிடுகிறோம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கையால் செய்த நாட்டு இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள்; பிற கருவிகளுக்கு முதலில் 28 விழுக்காடு, அதே ஆண்டு நவம்பரில் அதைக் குறைத்து 18 விழுக்காடு என்றார்கள். விலக்கு நல்லதுதான். ஆனால் தவிலுக்கு வாங்கும் இரும்பு வளையத்துக்கும் திருகாணிக்கும் கொடுத்த வரியை, விலக்குப் பெற்ற பொருளின் மேல் கழித்துக்கொள்ள முடியாது. அது செய்தவன் தலையிலேயே தங்கும்.

புகழ்ச் சான்றுகளும் உண்டு. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு. நரசிங்கன்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் அதே குறியீடு. பழைய வீடுகளின் உத்திரமாய்க் கிடந்து முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்யும் அந்தச் சிற்றூர்க் கைகளுக்கு இந்தப் பெருமை தகும். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் சீவாளி செய்யும் திருவாவடுதுறைக் கைகளுக்கும் தகும். ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது; கைக்குரியவனின் பெயரையன்று.

எல்லாரையும் ஏசினோம். இனி நம்மையே ஏசிக்கொள்ள வேண்டிய இடம் வந்துவிட்டது.

சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க நாள்களில் கானாடுகாத்தானில் ஒரு திருமணம். நாதசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். மேளகாரன் தோளில் துண்டா என்று கூச்சலிட்டார்கள். எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று துணை நின்றார் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. அந்தத் துண்டுக்காக நம் முன்னோர் போராடினார்கள். இன்று நாம் என்ன செய்கிறோம்? மாநாட்டுக்குப் பறையிசைக் குழுவை அழைக்கிறோம். ஊர்வலத்தின் முன்னே இரண்டு கல் தொலைவு அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். மேடையேற்றி, ஒலிபெருக்கியில் புகழ்ந்து, பொன்னாடை போர்த்தி, கைகுலுக்கி, வழியனுப்புகிறோம். பேருந்துக் கட்டணத்தையாவது கேட்டோமா? அன்று தோளில் துண்டு கூடாது என்றார்கள் பழமைவாதிகள். இன்று தோளில் துண்டைப் போட்டே அனுப்பிவிடுகிறோம் பகுத்தறிவுவாதிகள்! பொன்னாடை என்பது வெகுமானம்தானே? வித்துவான் வீட்டு வேட்டிக்கும் நம் மேடைப் பொன்னாடைக்கும் நெசவில் வேறுபாடு இருக்கலாம். கணக்கில் வேறுபாடு என்ன?

இதை எழுதும் நமக்கும் ஒரு பழி உண்டு. ஒரு கூட்டத்துக்குப் பறை நான்கு தேவைப்பட்டபோது, 'இயக்கத்துக்காகத்தானே' என்று சொல்லி விலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். அவர் குறைத்துக் கொடுத்தார். அச்சகத்தில் சுவரொட்டி அடித்தபோது விலை குறைக்கக் கேட்க நமக்குத் துணிவு வரவில்லை; பந்தல்காரரிடமும் வரவில்லை. பறை செய்தவரிடம் மட்டும் வந்தது. எங்கிருந்து வந்தது அந்தத் துணிவு? நெடுநாள் நினைத்துப் பார்த்தோம். வந்த இடம் நமக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே, திருச்சி வட்டாரத்துக் கிளைத் தோழர்களுக்கும் படிப்பகத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் பறைப் பயிற்சி தொடங்குவதென்றால், இணையத்தில் மலிவாய் வருவதைப் பார்த்துச் சொடுக்காதீர்கள். செய்கிறவரைத் தேடிப் போங்கள். கேட்கும் விலையைக் கொடுங்கள்; முன்பணமாகவே பாதியைக் கொடுங்கள், தோல் வாங்க அவருக்குப் பணம் வேண்டும். சுயமரியாதைத் திருமணங்களுக்கு நாதசுரமும் தவிலும் வைப்போர், கட்டணத்தை அழைக்கும்போதே பேசி எழுத்திலே கொடுங்கள். பழுது பார்க்கும் செலவையும் அதிலே சேருங்கள். பாலக்கரையிலோ வேறு கடைவீதியிலோ சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் நம் தோழர்கள் சிலர் உண்டு. வாடகைக்கு இடம் கேட்டு அந்த இளைஞன் உங்கள் வாயிலுக்கும் வருவான். வந்தால் தெருவைக் கேட்காதீர்கள். கடை திறந்தபின் முதல் பறையை வாங்கப் போகும்போது, பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதிலே தொகையோடு செய்தவர் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி வாருங்கள்.